எஃப்டெலிங்: அத்தையோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரே நாள். எப்படிப் போனால் நல்லது?

கொன்றைப்பூ | திங்கள், இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். நெதர்லாந்தில், ஐந்தோவன் பக்கம் ஃபெல்ட்ஹோவனில் இருக்கிறோம். ஊரிலிருந்து அத்தை மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக எஃப்டெலிங் தீம் பார்க் போகலாம் என்று இருக்கிறோம். பள்ளி நாளில் பிள்ளைகளை லீவு போடவைக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும், அதனால் கூட்டம் இருக்கும் நாளில்தான் போயாக வேண்டும்.

பெண்ணுக்கு 9 வயது, உயரம் 1.34 மீட்டர். ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். பையனுக்கு 5 வயது, 1.08. இருட்டு என்றால் பயம். அத்தைக்கு 71. முழங்கால் வலி, மெல்ல நடப்பார், நீண்ட வரிசையில் நிற்க முடியாது. முட்டைகூட சேர்க்காத சைவம்.

காசும் நாளும் செலவழித்துப் போய்விட்டு, பாதி நேரம் வரிசையிலும் மீதி நேரம் "அடுத்தது எங்கே" என்ற ஓட்டத்திலும் போய்விடக் கூடாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


டெல்ஃப்ட் மாணவன் | திங்கள், இரவு 10:05

அக்கா, நான் ஏழு முறை போயிருக்கிறேன். முதலில் உயரக் கணக்கு. பாரோன் 1898 என்ற கோஸ்டருக்கு 1.32 மீட்டர் வேண்டும். பைத்தான், ஃப்ளீகெண்ட ஹொலாண்டர், ஃபோகல் ரோக், டான்ஸ் மகாப்ர் என்ற நான்கு ரைடுக்கும் 1.20. யோரிஸ் என் த டிராக் என்ற மரக் கோஸ்டருக்கு 1.10. உங்கள் பெண்ணுக்கு எல்லாமே திறந்திருக்கிறது. தம்பிக்கு யோரிஸ்கூட இரண்டு சென்டிமீட்டரில் தவறுகிறது. அவனிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே அளவுக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டால் மனசு உடைந்துபோகும்.

இங்கே காசு கொடுத்து வரிசையைத் தாண்டும் டிக்கெட் கிடையாது. அதனால் திறந்தவுடன் உள்ளே இருப்பதுதான் ஒரே வழி. கதவு திறந்ததும் நேராக ரைக்ரைக் பகுதிக்குப் போய் முதலில் பாரோன், அப்புறம் யோரிஸ், அப்புறம் பைத்தான். பாரோன் 2015-இல் வந்தது. சுரங்கக் கதை. 30 மீட்டர் உயரத்தில் விளிம்பில் ஒரு நொடி நிறுத்தி, நேர் கீழே சுரங்கக் குழிக்குள் 37.5 மீட்டர் இறக்கும். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். யோரிஸில் இரண்டு ரயில்கள், ஒன்று நீர், ஒன்று நெருப்பு. ஒன்றோடொன்று போட்டி போட்டு ஓடும். பாரோனிலும் யோரிஸிலும் சிங்கிள் ரைடர் வரிசை உண்டு, தனித்தனியாக உட்காரச் சம்மதம் என்றால் சீக்கிரம் ஏறிவிடலாம்.

கதைக்காட்டை, அதாவது பிள்ளைக் கதைகளைக் காட்சிகளாக வைத்திருக்கும் காட்டை, சாயங்காலத்துக்கு வையுங்கள். அங்கே வரிசை இல்லை, எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். காலையின் முதல் ஒரு மணி நேரத்தை அங்கே செலவழிப்பது வீண்.


நாவல்மரம் | செவ்வாய், காலை 7:15

கொன்றைப்பூ, நாங்கள் டென் பாஸில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வருடச் சந்தா வைத்திருந்தோம். தம்பி சொன்ன கணக்குகள் எல்லாம் சரி. கதைக்காட்டைச் சாயங்காலத்துக்குத் தள்ளுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 5 வயதுப் பையனுக்கும் 71 வயது அத்தைக்கும் கால் தெம்பாக இருக்கும் நேரம் காலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் காட்டுக்குள் போனால் பையன் அழுவான், அத்தை பெஞ்ச் தேடுவார்.

இந்தப் பார்க் எங்கிருந்து முளைத்தது என்று தெரிந்தால் நான் சொல்வது புரியும். 1952 மே 31-ஆம் தேதி காட்ஸ்ஹூவல் கிராமத்தில் திறந்தபோது இங்கே முக்கியமாக இருந்தது அந்தக் காடும் அதற்குள் பத்துக் கதைகளும்தான். கோஸ்டர் எல்லாம் ரொம்பப் பின்னால். பைத்தானே 1981-இல்தான் வந்தது. ஆண்டன் பீக் என்ற ஓவியர் வரைந்து கொடுத்தார், பீட்டர் ரைண்டர்ஸ் என்பவர் அவற்றுக்குள் அசைவையும் குரலையும் வைத்தார். பீக் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டையும் சாயமும் வைத்து ஏமாற்று வேலை செய்வார்கள் என்று பயந்தார். நிஜச் செங்கல், நிஜ மரம், நிஜ ஓடு என்று உறுதி கிடைத்த பிறகுதான் இறங்கினார். அதனால்தான் எழுபது வருடம் கழித்தும் அந்தச் சுவர்களில் பாசி படர்ந்து, கூரை வளைந்து, உண்மையாகவே பழைய ஊர் மாதிரி இருக்கிறது. கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று கல் தெரியும்.

என் ஒரே அறிவுரை இதுதான்: போவதற்கு முந்தின வாரம் தினம் இரவு ஒரு கதை சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். தூங்கும் இளவரசி, கூந்தலை ஜன்னலிலிருந்து இறக்கும் பெண், தானாக ஆடும் சிவப்புச் செருப்பு, தங்கக் காசு போடும் கழுதை, ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டியும். அங்கே குரல்கள் டச்சில் ஓடும். கதை தெரியாத பிள்ளைக்கு ஒரு குடிசையும் ஒரு பொம்மையும்தான் தெரியும், இரண்டு நிமிடத்தில் "அடுத்தது" என்று இழுக்கும். கதை தெரிந்த பிள்ளை ஜன்னலோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். என் சின்னவள் தூங்கும் இளவரசியின் மார்பு மூச்சுக்கு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, எழுப்பிவிடக் கூடாது என்று அரை மணி நேரம் என்னிடம் கிசுகிசுவென்றே பேசினாள். அவளுக்கு இப்போது பதினாறு வயது. பாரோனில் எத்தனை முறை ஏறினாள் என்று நினைவில்லை, அந்த அரை மணி நேரம் எனக்கு நினைவிருக்கிறது.

அத்தைக்குக் கதை சொல்ல வருமென்றால் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

இன்னும் சில. காட்டில் சிவப்புத் தொப்பி வைத்த காளான்கள் இருக்கும், அவற்றின் மேல் காதை வைத்தால் உள்ளே பாட்டு கேட்கும். குனிந்து கேட்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். லாங்நெக் என்ற ஆள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை மரத்துக்கு மேல் நீட்டுவான். பறக்கும் பக்கீர் குழல் ஊதினால் ட்யூலிப் பூக்கள் நிமிரும், அப்புறம் கம்பளத்தில் தலைக்கு மேலே பறந்து எதிர்ப்பக்கம் போவார். அந்த இடத்தில் அவசரப்படாமல் முழுச் சுற்றும் நின்று பாருங்கள்.


டெல்ஃப்ட் மாணவன் | செவ்வாய், மதியம் 12:40

நாவல்மரம் அக்கா, காலையில் காடு என்றால் பதினொன்றரைக்கு வெளியே வரும்போது எல்லா வரிசையும் நிரம்பியிருக்கும். பெண்ணுக்கு 9 வயது, அவளுக்கும் இது ஒரே நாள்தானே? அவள் ஆசைப்பட்டது பாரோன். தம்பிக்காக அவள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் வீட்டில் மூத்தவன். அந்த விட்டுக்கொடுத்தல் எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

காடு சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் இன்னும் அழகு. நானே பார்த்திருக்கிறேன்.


நாவல்மரம் | செவ்வாய், மதியம் 1:10

தம்பி, நீ விளக்கு வெளிச்சத்தில் பார்த்தது குளிர்காலத்தில் இருக்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், அப்போது அந்தக் காடு வேறு உலகம்தான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். பார்க் மூடினாலும் சூரியன் மூடாது.

பெண்ணைப் பற்றி நீ சொன்னது நியாயம். அதை நான் யோசிக்கவில்லை. அப்படியென்றால் காலையில் பிரிந்து போகட்டும். அப்பாவும் பெண்ணும் ரைக்ரைக், அம்மாவும் பையனும் அத்தையும் காடு. பதினொன்றரைக்கு ஒரே இடத்தில் சேரட்டும்.


டெல்ஃப்ட் மாணவன் | செவ்வாய், மதியம் 1:25

இது நல்ல யோசனை. சேரும் இடத்தைக் காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆண்டன் பீக் சதுக்கம் வசதி. காட்டுக்குப் பக்கம், உட்கார இடம் உண்டு, நூறு வருடத்துக்கு மேல் பழைய ராட்டினமும் அங்கேதான்.

அக்காவுக்கும் கோஸ்டர் பிடிக்கும் என்றால் பேபி ஸ்விட்ச் கேளுங்கள். ஒருவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் சின்னவனோடு வெளியே இருக்கலாம். அப்புறம் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் அவர் ஏறலாம்.


பனங்கூடல் | செவ்வாய், மாலை 6:50

வணக்கம் தங்கச்சி. நாங்கள் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என்ர அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம், அவவுக்கும் அப்போது எழுபதுக்கு மேல். உங்கட நிலைமைதான்.

முதலில், சக்கர நாற்காலி அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னா. "நான் நடப்பன்" என்றா. நாங்கள் எடுத்து, முதல் ஒரு மணித்தியாலம் பையைத்தான் அதில் வைத்துத் தள்ளினோம். அப்புறம் அவவே உட்கார்ந்தா. வற்புறுத்தாமல் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. தூரம் போக நீராவி ரயில் இருக்கிறது, காட்டுப் பக்கத்தில் ஒரு நிலையம், ரைக்ரைக் பக்கத்தில் ஒரு நிலையம். குளத்தில் கொண்டொலெட்டா என்று மெல்லப் போகும் படகும் உண்டு. இருபது நிமிடம் ஆறுதலாக இருந்து மரங்களையும் வாத்துகளையும் பார்க்கலாம். சாப்பிட்ட பிறகு அதில் ஏறுங்கோ, அம்மா அதில் கண்ணயர்ந்துவிட்டா.

இரண்டாவது, இந்திய அல்லிப்பூக்கள். காட்டுக்குள் ஒரு குகைபோன்ற மண்டபம். இதைத் தவறவிடவேண்டாம். 1966-இல் திறந்தது. கதையை எழுதியவர் பெல்ஜியம் நாட்டு அரசி ஃபாபியோலா. சூனியக்காரியின் மாயத்தில் அல்லிப்பூக்களாக மாறிப்போன தேவதைகள், நிலா வெளிச்சத்தில் இதழ் விரிந்து எழும்பி ஆடுவார்கள். தவளைகள் வாத்தியம் வாசிக்கும், வாத்துகள் ஆடும். சில நிமிடம்தான். உள்ளே குளிர்ச்சி.

அம்மா அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, ஊரில் கோயில் கேணியில் அல்லி இரவில்தான் விரியும் என்றும், சின்னப்பிள்ளையாக இருக்கையில் தன்ர அப்பு அதைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனவர் என்றும் சொன்னா. இருபது வருடமாக நான் கேட்காத கதை அது. என்ர பிள்ளைகள் இரண்டு பேரும் நாற்காலியின் இரண்டு பக்கமும் நின்று கேட்டார்கள். நாங்கள் மறுபடியும் உள்ளே போய் இன்னொருமுறை பார்த்தோம். அன்றைக்குப் பெரிய ரைட் மூன்றுதான் பார்த்தோம், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.


கொன்றைப்பூ | செவ்வாய், இரவு 9:45

பனங்கூடல் அண்ணா, படித்துவிட்டு அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். "அல்லி ராத்திரிதானே பூக்கும், அந்த ராணிக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். கட்டாயம் போகிறோம்.

காலையில் பிரிந்து போகும் யோசனையை வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார். பெண் பாரோன் என்று கேட்டதும் குதிக்கிறாள்.

இரண்டு கேள்வி. பையனுக்கு இருட்டுப் பயம் என்றேன் இல்லையா, எதில் ஏற்றலாம், எதில் கூடாது? அப்புறம் சாப்பாடு.


தாமிரபரணிக் கரை | செவ்வாய், இரவு 10:30

என் மகனும் அப்படித்தான், அதனால் இதை ஒவ்வொன்றாக அனுபவித்துத் தெரிந்துகொண்டவன் நான்.

முதலில் ஏற்ற வேண்டியது சிம்போலிகா. 2017-இல் திறந்த மாய அரண்மனை. பார்டூஸ் என்ற கோமாளி உங்களை ரகசியக் கதவு வழியாக உள்ளே கூட்டிப்போவான். வண்டிக்குத் தண்டவாளம் கிடையாது, தரையில் தானே திரும்பித் திரும்பிப் போகும். ஏறுவதற்கு முன் வீரன், இசை, புதையல் என்று மூன்று சுற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேர்வைப் பையனிடம் விடுங்கள். தான் முடிவு செய்தோம் என்ற தைரியத்திலேயே பாதிப் பயம் போய்விடும்.

அடுத்தது ட்ரோம்ஃப்ளுக்ட், அதாவது கனவுப் பயணம். 1993. மேலிருந்து தொங்கும் வண்டியில் தேவதைகளும் கோட்டைகளும் பூதங்களும் இருக்கும் காட்டுக்கு மேலே மிதந்து போவோம். இருட்டுதான், ஆனால் நிலா வெளிச்சம் மாதிரி நீல இருட்டு. கடைசியில் வண்டி சுழன்று சற்று வேகமாக இறங்கும். அந்த ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள், "இப்போ சுத்தும், கையைப் பிடிச்சுக்கோ" என்று. சொல்லிவைத்த பயம் பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிடுகிறது. எனக்கு இந்த முழுப் பார்க்கிலும் பிடித்த இடம் இதுதான். வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள்.

கார்னவல் ஃபெஸ்டிவல் முழுக்க நிறமும் பாட்டும், பயம் இல்லை. நாடு நாடாகப் பொம்மைகள் வரும். 1984-இல் செய்தது. சில நாட்டு மக்களைக் காட்டிய விதம் கேலியாக இருக்கிறது என்று பலர் சொல்லி, பின்னால் அந்தக் காட்சிகளை மாற்றினார்கள். அதேபோல நரமாமிசம் தின்பவர் பானை என்று ஒரு சுழல் ராட்டினம் இருந்தது, அதையும் மாற்றி 2022-இல் சிந்துபாத் கதையாக்கிவிட்டார்கள். மாற்றியது நல்லது. நம் பிள்ளைகள் நிறத்தை வைத்துக் கேலி வருவதைப் பள்ளியில் பார்க்கிறார்கள், விளையாடப் போன இடத்திலும் பார்க்க வேண்டியதில்லை.

ஃபாட்டா மோர்கானா, ஆயிரத்தோரு இரவுகள் பாணியில் படகுப் பயணம், 1986. சந்தை, அரண்மனை, கப்பல் எல்லாம் பிரமாதம். ஆனால் சிறைக்கூடம் ஒன்று வரும். பையன் அன்றைக்கு எப்படி இருக்கிறான் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

வில்லா வோல்டாவில் அறையே தலைகீழாகச் சுற்றுவது போல இருக்கும். ஆடுகளின் மேல் ஏறி வானத்தில் பறந்த கொள்ளைக்காரர்கள் என்று இந்தப் பக்கம் ஒரு பழங்கதை, அவர்களின் தலைவனுக்குக் கிடைத்த சாபம்தான் அது. பக்கத்திலுள்ள மணல்மேடுகளோடு சேர்ந்த கதை என்பதால் எனக்கு அதில் தனி மதிப்பு. ஆனால் முன்கதை டச்சில் நீளமாக ஓடும், 5 வயதுக்குத் தாங்காது. டான்ஸ் மகாப்ர் 2024 அக்டோபர் 31-இல் திறந்தது. பழைய பேய்க்கோட்டையை இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டியது. பாழடைந்த மடாலயத்தில் பாடகர் பெஞ்சுகளில் உட்கார வைத்துப் பெரிய வட்டத் தரையையே சுழற்றிச் சாய்க்கிறார்கள். பையனுக்கு உயரமும் போதாது, அத்தைக்கும் வேண்டாம். பெண்ணும் அப்பாவும் போகட்டும்.

சின்னவனுக்கு முதல் கோஸ்டர் வேண்டுமென்றால் மேக்ஸ் உண்ட் மோரிட்ஸ். வெளிச்சத்தில்தான் ஓடும்.


நாவல்மரம் | புதன், காலை 6:55

சாப்பாடு: வீட்டிலிருந்து கொண்டுபோகலாம், தடை இல்லை. முட்டை வேண்டாம் என்பதால் கொண்டுபோவதே நிம்மதி. அங்கே சைவம் என்று எழுதியிருப்பதில் முட்டை இருக்கும். பான்கேக்கிலும் பொஃபெர்ட்ஜெஸிலும் மாவே முட்டை கலந்ததுதான். அத்தைக்கு உருளைக்கிழங்கு வறுவல், பழம், பஞ்சு மிட்டாய் இவைதான் மிஞ்சும்.

எங்கள் வீட்டுப் பழக்கம்: புளியோதரை, உருளைக்கிழங்கு காரக்கறி, ஒரு டப்பா தயிர்சாதம். தயிர்சாதத்துக்குப் பால் அதிகமாக ஊற்றிப் பிசைந்தால் மதியம்வரை புளிக்காது. ஃப்ளாஸ்க்கில் காபி. கோடையில் பன்னிரண்டு மணிக்கு உணவகங்களில் கூட்டம் ஏறும். பதினொன்றரைக்கு ஒரு மர நிழலில் பிரித்துவிட்டால், எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் நீங்கள் சிம்போலிகா வரிசையில் இருக்கலாம். அப்போது வரிசை கொஞ்சம் இளைக்கும்.

டிஷ்யூ, காகிதத் தட்டு எதையும் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஹோல போல ஹைஸ் என்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் குண்டு மனிதர் அங்கங்கே இருப்பார். "பபீர் ஹீர்", காகிதம் இங்கே என்று கூப்பிடுவார். கையை நீட்டினால் காகிதத்தை உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்வார். பையனின் சட்டைப்பையில் பழைய காகிதம் நாலைந்து மடித்து வையுங்கள்.


ஊர்சுற்றி மணி | புதன், காலை 9:30

காரில்லாமல் போகிறவர்களுக்கு: காட்ஸ்ஹூவலுக்கு ரயில் நிலையம் கிடையாது. டில்பர்க் அல்லது டென் பாஸ்வரை ரயில், அங்கிருந்து பேருந்து. காரில் போனால் பார்க்கிங்குக்குத் தனிக் காசு.

டிக்கெட்டைத் தேதி போட்டு முன்னாலேயே ஆன்லைனில் எடுங்கள். 4 வயதுக்குக் கீழே இலவசம், உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் டிக்கெட் வேண்டும். நெதர்லாந்து விடுமுறை மட்டும் பார்த்தால் போதாது. பெல்ஜியம், ஜெர்மனி விடுமுறை நாள்களையும் பாருங்கள், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருவார்கள்.


டெல்ஃப்ட் மாணவன் | புதன், காலை 11:00

பார்க்கின் செயலியைப் போடுங்கள். ஒவ்வொரு ரைடுக்கும் எத்தனை நிமிட வரிசை என்று காட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்தால் நல்ல இடைவெளி கிடைக்கும்.


பனங்கூடல் | புதன், மதியம் 2:15

தம்பி, உங்கட வயதில் அது சரி. பிள்ளைகளோடும் முதியவரோடும் போகும்போது ஒரு ஆள் எப்போதும் போனைப் பார்த்துக்கொண்டு "வாங்கோ வாங்கோ, அங்கே பதினைந்து நிமிடம்தான்" என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டிருந்தால் ஒருவராலும் வடிவாக ஒன்றையும் பார்க்க முடியாது. போன முறை அந்த ஆள் நான்தான். சாப்பிட்ட பின் ஒருமுறை, நாலு மணிக்கு ஒருமுறை பாருங்கோ. போதும்.


கொன்றைப்பூ | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 11:10

போய் வந்துவிட்டோம். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு வாரமாக இரவில் அத்தைதான் கதை சொன்னார். நான் சுருக்கமாகச் சொல்லிக் கொடுப்பேன், அவர் அதைத் தன் போக்கில் சொல்வார். கூந்தல் இறக்கும் பெண் தாமிரபரணிக் கரையில் ஒரு மச்சு வீட்டில் இருந்தாள். தூங்கும் இளவரசி நூறு வருடம் தூங்கியபோது அடுப்பில் வைத்த பால்கூட பொங்காமல் நூறு வருடம் அப்படியே நின்றது. பிள்ளைகள் அந்தக் கதைகளோடுதான் உள்ளே போனார்கள்.

காலையில் பிரிந்து போனோம். காட்டுக்குள் நாங்கள் மூன்று பேர். காட்டில் கூட்டமே இல்லை, பறவைச் சத்தம்தான். பையன் ஒவ்வொரு இடத்திலும் "ஆச்சி, இது நீங்க சொன்னதுதானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இளவரசியின் அறைக்குப் பக்கம் வந்ததும் "பால் எங்கே?" என்று தேடினான். காளான் எல்லாவற்றிலும் காதை வைத்தான், அத்தையையும் குனிய வைத்தான். முழங்கால் வலியை மறந்து அவரும் குனிந்தார்.

அல்லி மண்டபத்தில் பூக்கள் விரிந்தபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து, "இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டார். வந்த இரண்டு மாதத்தில் தனக்கென்று அவர் கேட்ட முதல் விஷயம் அது. மூன்று முறை பார்த்தோம்.

தீக்குச்சி விற்ற சிறுமியின் தெருவுக்கு அடுத்து வந்தோம். இந்தக் கதையை நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை, சோகமாக இருக்கிறதே என்று விட்டிருந்தேன். பனியில் உட்கார்ந்திருக்கும் பெண், அவளைத் தேடி வரும் பாட்டி. பையன் "அந்தப் பாப்பாவை ஆச்சி கூட்டிட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டான். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை "ஆமா, குளிருதுல்லா, அதான்" என்றார். அவன் அதோடு சமாதானமாகிவிட்டான். நான் கொஞ்ச நேரம் பின்னால் நடந்தேன்.

பதினொன்றரைக்கு பீக் சதுக்கத்தில் சேர்ந்தோம். பெண் பாரோனில் இரண்டு முறை, யோரிஸில் ஒரு முறை. இரண்டாவது முறை பாரோனில் சிங்கிள் ரைடர் வரிசையில், அப்பாவை விட்டுத் தனியாக, தெரியாதவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து இறங்கியிருக்கிறாள். வந்தவுடன் ஆச்சியிடம் அந்த ஒரு நொடி விளிம்பில் நின்றதைச் சொல்லச் சொல்ல, அத்தை வாயில் கைவைத்துக் கேட்டார். டெல்ஃப்ட் தம்பி, உனக்கு எங்கள் பெண்ணின் நன்றி. நீ எழுதியிருக்காவிட்டால் அவளைத் தம்பியோடு காட்டுக்குள் இழுத்துப்போயிருப்பேன்.

புளியோதரை, கார உருளைக்கிழங்கு, மர நிழல். பையன் சட்டைப்பைக் காகிதம் தீர்ந்துபோய், அடுத்த மேசைக்காரர்களிடம் டிஷ்யூ வாங்கி வந்து ஹைஸுக்கு ஊட்டினான். அவர்களும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள்.

சிம்போலிகாவில் அவன் தேர்ந்தெடுத்தது புதையல். கண்ணை மூடவே இல்லை. அதே தைரியத்தில் ட்ரோம்ஃப்ளுக்ட். "இப்போ சுத்தும்" என்று நான் சொல்வதற்குள் அவனே அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு நல்ல மழை. மழைச்சட்டை எடுத்துப் போயிருந்தோம், ஆனால் அத்தைக்குக் கம்பளிச் சால்வை எடுக்கவில்லை, அது என் தவறு. படகுக்குப் போகவில்லை, ஃபாட்டா மோர்கானாவும் பார்க்கவில்லை. சக்கர நாற்காலி எடுத்தோம், பனங்கூடல் அண்ணா சொன்ன மாதிரியே முதலில் பை, அப்புறம் பையன், நாலு மணிக்கு மேல் அத்தை. கடைசியில் அக்வானூரா நீர்க் காட்சிக்கு நின்றோம். பாட்டுக்கு ஏற்ப நீர் எழும்பி ஆடுகிறது. பையன் அப்பா தோளில் தூங்கிவிட்டான்.


பனங்கூடல் | திங்கள், காலை 6:30

தங்கச்சி, வாசித்துவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவ இப்போது யாழ்ப்பாணத்தில். அல்லி மண்டபத்தை நினைவிருக்கா என்று கேட்டேன். "மூன்று தரமே பார்த்தவை? நாங்கள் இரண்டு தரம்தானே" என்றா.


டெல்ஃப்ட் மாணவன் | திங்கள், காலை 8:45

அக்கா, சந்தோஷமாக இருக்கிறது. நான் ஏழு முறை போயும் அந்த மண்டபத்துக்குள் போனதே இல்லை. அடுத்த மாதம் அம்மா வருகிறார். தினம் ஒரு கதை என்றால் எதிலிருந்து தொடங்கினீர்கள்?


கொன்றைப்பூ | திங்கள், காலை 9:10

கழுதைக் கதையில் தொடங்கினோம் தம்பி, சிரிப்பு வரும். அம்மாவையே சொல்லச் சொல். சால்வை மறக்காதே.